கிஸ்மிஸும் மணலிக் காற்றும்: கந்தகம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கான விவாத இழை

வாசகர் கேள்வி (தண்டையார்பேட்டை) – 7 ஜனவரி 2025

எனக்குச் சிறு வயதிலிருந்தே ஆஸ்துமா என்னும் இளைப்பு உண்டு. கிறிஸ்துமஸ் கேக்குக்காக வாங்கி வைத்திருந்த மஞ்சள் கிஸ்மிஸில் ஒரு கைப்பிடி எடுத்து வாயில் போட்ட சில நிமிடங்களில் நெஞ்சை அடைத்து, இன்ஹேலரைத் தேட வேண்டியதாகிவிட்டது. என் தாயாருக்குச் சல்பா என்ற கிருமிக்கொல்லி மாத்திரை ஆகாது, உடம்பெல்லாம் தடித்துவிடும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எங்கள் குடும்பத்துக்கே கந்தகம் ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிகிறது. பூண்டு, வெங்காயம், முட்டை மூன்றையும் நிறுத்திவிட்டேன். இத்தனை வருடம் பக்கத்து மணலியின் ஆலைக் காற்றைச் சுவாசித்ததில் உடம்பில் கந்தகம் ஏறிவிட்டது என்பதே என் கருத்து. மறுப்பவர் மறுக்கலாம்.

7 ஜனவரி, இரவு

மறுக்கிறேன். முதலில் பூண்டை மீண்டும் வீட்டுக்குள் விடுங்கள்.

கந்தகம் என்ற தனிமத்துக்கு எவருக்கும் ஒவ்வாமை இருக்க முடியாது. நம் தசையிலும் முடியிலும் நகத்திலும் இருக்கும் புரதங்களில் கந்தகம் இருக்கிறது. அது இல்லாமல் உயிர் இல்லை. உங்கள் தாயாருக்கு ஆகாதது சல்பா வகை மருந்து மூலக்கூறு. உங்களுக்கு ஆகாததாகத் தோன்றுவது கிஸ்மிஸின் நிறத்தைக் காக்கச் சேர்க்கப்படும் கந்தக டை ஆக்சைடு அல்லது அதன் உப்புகளான சல்பைட்டுகள். இவ்விரண்டுக்கும் பெயரில் ஒரு பங்கு பொது. உடம்பில் நடக்கும் வினையில் பொது எதுவும் இல்லை. தாயாருக்குச் சல்பா ஆகாததால் மகனுக்குச் சல்பைட் ஆகாது என்று கொள்ள வழியில்லை. இவற்றோடு சல்பேட்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. அது தொந்தரவு தராத தனி ஆள்.

8 ஜனவரி

நேற்றுச் சுருக்கமாக எழுதியதை இன்று விரிக்கிறேன். கடல் உணவை ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எனக்கும் மழைக்காலத்தில் வீசிங் வரும். ஆகவே இந்த விஷயத்தை மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

உணவில் சேரும் சல்பைட் உப்பு, அமிலத்தைச் சந்தித்தால் வாயுவாக வெளியேறும். வாயிலும் இரைப்பையிலும் வெளியேறும் அந்தக் கந்தக டை ஆக்சைடை விழுங்கும்போதே நாம் கொஞ்சம் உள்ளிழுத்துவிடுகிறோம். அது மூச்சுக்குழாயின் நரம்பு முனைகளை எரிச்சலூட்ட, குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகிக்கொள்கிறது. பெரும்பாலோருக்கு நடப்பது இதுதான் என்று கருதப்படுகிறது. வேர்க்கடலை ஒவ்வாமையில் வருவது போன்ற எதிர்ப்புப் புரதங்கள் சல்பைட் விஷயத்தில் அபூர்வமாகவே காணப்படுகின்றன. தோல் பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் 'உங்களுக்கு ஒன்றுமில்லை' என்று சொல்லி அனுப்பிவிட முடியாததற்கு இதுவே காரணம்.

எத்தனை பேருக்கு இது வரும் என்றால், இளைப்பு உள்ளவர்களில் நூற்றுக்கு 3 முதல் 10 பேர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. ஸ்டீராய்டு மாத்திரையை நம்பி இருக்கும் அளவுக்கு நோய் முற்றியவர்களிடம் இது கூடுதல். இளைப்பே இல்லாதவர்களுக்கு வருவது குறைவு.

உடம்பில் கந்தகம் 'ஏறிவிட்டது' என்பதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். புரதத்தைச் செரிக்கும்போது நம் உடம்பே தினமும் சல்பைட்டை உண்டாக்குகிறது. கல்லீரலில் அதிகமாக இருக்கும் சல்பைட் ஆக்சிடேஸ் என்ற நொதி அதைச் சல்பேட்டாக மாற்ற, சிறுநீரில் போய்விடுகிறது. சேமித்து வைக்க அங்கே கிடங்கு இல்லை. இந்த நொதி பிறவியிலேயே வேலை செய்யாத குழந்தைகள் மிக மிக அரிதாகப் பிறக்கிறார்கள். அது வேறு வகையான, கடுமையான மூளை நோய். இளைப்போடு அதைச் சேர்த்துப் பயப்பட வேண்டாம்.

பூண்டு பற்றி ஒரு வேடிக்கை. சல்பைட்டை அளக்கும் மோனியர்–வில்லியம்ஸ் முறையில் மாதிரியை அமிலத்தில் ஒன்றே முக்கால் மணி நேரம் கொதிக்க விட்டு, வெளிவரும் வாயுவை நைட்ரஜன் ஓட்டத்தில் தள்ளி, 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் பிடிப்போம். பிடிபட்ட வாயு அங்கே கந்தக அமிலமாகும். மெத்தில் ரெட் என்ற நிறங்காட்டி சொட்டிய அந்தக் கரைசலில் காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட, சிவப்பு மங்கி மஞ்சளாகும் இடத்தில் குழாயை மூட வேண்டும். ஒரு சொட்டு கூடினாலும் கணக்குக் கெட்டுவிடும். இதே குடுவையில் பூண்டைப் போட்டுக் கொதிக்க வைத்தால், எந்த ரசாயனமும் சேர்க்காத பூண்டிலும் சல்பைட் இருப்பதாக எண் வரும். பூண்டின் சொந்தக் கந்தகச் சேர்மங்கள் கொதிநிலையில் சிதைவதால் நேரும் மாயம் அது. அந்த எண்ணைக் காட்டி யாராவது உங்களைப் பயமுறுத்தினால் நம்பாதீர்கள்.

10 ஜனவரி

பொங்கல் சாமான் வாங்கக் கோவிந்தப்ப நாயக்கன் தெருவுக்குப் போயிருந்தேன். ஒரே கடையில் பொன் மஞ்சளாக ஒரு கிஸ்மிஸும், பழுப்பாக ஒன்றும், கருந்திராட்சையும் அடுத்தடுத்துக் குவித்திருந்தார்கள். பொன் மஞ்சளை அள்ளி மூக்கருகில் கொண்டுபோனால், தீக்குச்சி கிழித்தவுடன் வரும் வாடை மிக மெலிதாக வந்து தொண்டையைக் கீறியது. கருந்திராட்சையில் அது இல்லை. வெயிலில் காய்ந்து இயல்பாகக் கறுத்ததற்கு நிறம் காக்க வேண்டிய தேவை கிடையாது. "கறுப்பு வேணாம் சார், பொங்கல்ல போட்டா எறும்பு மாதிரி தெரியும்" என்று கடைப் பையன் தடுத்துப் பார்த்தான். இருந்தாலும் கறுப்பைத்தான் வாங்கினேன்.

கேள்வி கேட்டவருக்காக ஒரு கணக்கு. உலகச் சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு, உடல் எடையில் கிலோவுக்கு 0.7 மில்லிகிராம் கந்தக டை ஆக்சைடு வரை நாள்தோறும் உண்ணலாம் என்று வைத்தது. 60 கிலோ எடையுள்ளவருக்கு 42 மில்லிகிராம் ஆகிறது. வெளுத்த உலர் திராட்சையில் கிலோவுக்கு 1500 மில்லிகிராம் வரை கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அமைப்பு அனுமதிக்கிறது. அந்த உச்சத்தில் இருக்கும் கிஸ்மிஸில் 30 கிராம், அதாவது உங்கள் ஒரு கைப்பிடி, 45 மில்லிகிராம் தந்துவிடும். உலர் ஆப்ரிகாட்டுக்கு 2000 வரை அனுமதி.

இப்போது வெல்லத்துக்கு வருவோம். பளிச்சென்ற மஞ்சளில் வரும் வெல்லத்தைப் பார்த்து நம் பெண்கள் 'ஹைட்ரோஸ் போட்டது' என்று ஒதுக்குகிறார்கள். ஒதுக்குவது சரிதான். காய்ச்சும்போது சோடியம் ஹைட்ரோசல்பைட் என்ற அந்தப் பொடியைத் தூவி நிறத்தை வெளுப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் 70 பி.பி.எம்., அதாவது கிலோவுக்கு 70 மில்லிகிராம், என்ற நம் நாட்டு வரம்புக்குள் இருக்கும் வெல்லத்தில் 50 கிராம் சாப்பிட்டால் சேர்வது 3.5 மில்லிகிராம். வெள்ளைச் சர்க்கரையிலும் ஏறக்குறைய இதே கதை. கரும்புச் சாற்றைக் கந்தகப் புகையால் தெளியவைக்கும் ஆலைகளே நம் நாட்டில் அதிகம் என்பதால் சர்க்கரையில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வருகிறது. சர்க்கரைப் பொங்கலில் வெல்லத்தின் நிறத்தைப் பற்றி வாதாடிவிட்டு, அதன் மேல் பொன் மஞ்சள் கிஸ்மிஸை நெய்யில் வறுத்துக் கொட்டுகிறோம்.

11 ஜனவரி

கழுவினால் போய்விடுமா என்று ராயபுரத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். பாதி பதில்தான் உண்டு. தனித்திருக்கும் சல்பைட் வெந்நீரில் ஊறவைத்தால் நல்ல அளவுக்கு நீரோடு போகும். பழத்தின் சர்க்கரையோடும் ஆல்டிஹைடுகளோடும் கட்டுண்டது அங்கேயே நிற்கும். ஊறவைத்த நீரைக் கொட்டிவிடுங்கள். பாயசத்தில் சேர்க்க வேண்டாம்.

13 ஜனவரி, போகி

விடிவதற்கு முன்பே தெருமுனையில் பழைய பாயும் இரண்டு சைக்கிள் டயரும் எரிந்தன. ஜன்னலை மூடிவிட்டு எழுதுகிறேன். டயர் ரப்பரைக் கந்தகம் சேர்த்துத்தான் கெட்டிப்படுத்துகிறார்கள். ஆகவே டயர் எரிந்தால் வருவதில் நம் கதாநாயகனான கந்தக டை ஆக்சைடும் உண்டு. கூட வருகின்ற கரியும் மற்ற நச்சுகளும் அவனைவிட மோசமானவை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கேள்வியின் இரண்டாம் பாதியான காற்றுக்கு இன்றுதான் பொருத்தமான நாள். மணலியில் சுத்திகரிப்பு ஆலை 1969 முதல் இயங்குகிறது. எண்ணூர் அனல் மின் நிலையம் 2017-ல் மூடப்பட்டாலும் அத்திப்பட்டிலும் வல்லூரிலும் நிலக்கரி எரிந்துகொண்டுதான் இருக்கிறது. நம் நிலக்கரியில் கந்தகத்தின் விகிதம் குறைவு. எரிக்கும் அளவோ மிகப் பெரிது. புகைபோக்கியில் சுண்ணாம்புக் குழம்பைத் தெளித்து இந்த வாயுவைப் பிடிக்கும் கருவியைப் பெரும்பாலான அனல் மின் நிலையங்களில் பொருத்த வேண்டிய கட்டாயம் 2015 டிசம்பரில் வந்த விதியால் ஏற்பட்டது. முதல் கெடு 2017. அதன் பிறகு கெடு நகர்ந்த வேகத்தைப் பார்த்தால் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் நகரும் வேகமே மேல் என்று தோன்றுகிறது.

காற்றில் இந்த வாயுவுக்கு நம் நாட்டுத் தரம் 24 மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 80 மைக்ரோகிராம். 2021-ல் உலகச் சுகாதார நிறுவனம் சொன்னது 40. காற்றின் தரம் காட்டும் பலகையில் அன்றைய சராசரி 20 என்று பச்சை நிறத்தில் காட்டும்போது நம் நெஞ்சு ஏன் அடைக்கிறது என்ற கேள்விக்கு விடை 'சராசரி' என்ற அந்தக் கணக்கிலேயே இருக்கிறது. இளைப்பு உள்ளவர் ஓடும்போதோ மாடி ஏறும்போதோ 0.25 முதல் 0.5 பி.பி.எம். அளவுக்கு இந்த வாயு வந்தால் ஐந்து பத்து நிமிடத்திலேயே மூச்சுக்குழாய் சுருங்கக்கூடும். 0.25 பி.பி.எம். என்பது கன மீட்டருக்குச் சுமார் 650 மைக்ரோகிராம். காற்று திசை மாறிப் பத்து நிமிடம் அப்படி அடித்துவிட்டு ஓய்ந்தால் அன்றைய சராசரியில் அது காணாமல் போய்விடும். பத்து நிமிடத்துக்கென்றே 500 மைக்ரோகிராம் என்ற தனி வரம்பை உலகச் சுகாதார நிறுவனம் வைத்திருப்பது இதற்காகத்தான்.

ஓடும்போது என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. இந்த வாயு நீரில் சட்டென்று கரைவது. ஓய்வாக மூக்கால் சுவாசிக்கும்போது மூக்கின் ஈரமே பெரும்பகுதியை உறிஞ்சிவிடும். வாயைத் திறந்து இரைக்க இரைக்க மூச்சு வாங்கும்போது அந்தக் காவல் இல்லாமல் வாயு நேராக உள்ளே போகிறது. காலை நடைக்குப் போகும் இளைப்புக்காரர்கள் வாடை அடிக்கும் நாளில் வேகத்தைக் குறைத்து மூக்கால் மூச்சு விடுவது, என்95 முகக்கவசம் போடுவதைவிடப் பயன்படும். அந்தக் கவசம் தூசியைத் தடுக்கும். வாயுவைத் தடுக்காது.

15 ஜனவரி

'எங்கள் பக்கம் இரவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கிறது, அதுவும் இதுதானே' என்று மாத்தூர் நண்பர் எழுதியிருக்கிறார். இல்லை, அது வேறு. அழுகிய முட்டை என்றால் ஹைட்ரஜன் சல்பைடு. சமையல் எரிவாயுக் கசிவு வாடை என்றால் மெர்காப்டன். தீக்குச்சி கிழித்த வாடை, தொண்டையில் கரகரப்பு என்றால்தான் நம் ஆள். கண்ணைக் கரிக்க வைத்து மூச்சை நிறுத்துவது போல அடித்தால் அம்மோனியாவாக இருக்கலாம். 2023 டிசம்பரில் எண்ணூர் பெரியகுப்பத்தில் நள்ளிரவில் மக்கள் வீட்டை விட்டு ஓடியது அதற்குத்தான். புகார் கொடுக்கும்போது 'கெட்ட நாற்றம்' என்று மட்டும் எழுதாமல் எந்த வாடை, எத்தனை மணிக்கு, காற்று எந்தப் பக்கமிருந்து என்று எழுதினால் அதிகாரி தட்டிக் கழிப்பது கொஞ்சம் கடினமாகும்.

19 ஜனவரி

10-ஆம் தேதி போட்ட மில்லிகிராம் கணக்கைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். கணக்கில் பிழையில்லை, ஆனால் அது வாழ்நாள் முழுவதும் தின்பவருக்கான கணக்கு. இளைப்புக்காரருக்கு அதைவிட முக்கியமானது சல்பைட் எந்த வடிவில் வருகிறது என்பது.

ஒரு கோப்பை எலுமிச்சை ஸ்குவாஷை எடுத்துக்கொள்ளுங்கள். பழப் பதப்படுத்தும் வகுப்புகளில் ஒரு கிலோ ஸ்குவாஷுக்கு 0.6 கிராம் கே.எம்.எஸ். என்று சொல்லிக்கொடுப்பார்கள். பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் என்ற அந்தப் பொடியில் ஏறத்தாழ 57 சதவீதம் கந்தக டை ஆக்சைடாக வெளியேறக்கூடியது. ஆக, கிலோவுக்கு 350 மில்லிகிராம் அளவில் நிற்கும். 50 கிராம் ஸ்குவாஷைக் கரைத்துக் குடித்தால் 17 மில்லிகிராம்தான், கிஸ்மிஸில் பாதிகூட இல்லை. ஆனால் அது புளிப்பான திரவம். வாயு உணவோடு கட்டுண்டு கிடக்காமல் விடுதலையாக நிற்கிறது. பாட்டில் மூடியைத் திறந்து முகர்ந்தாலே மூக்கில் ஏறும். மருத்துவமனைச் சோதனைகளிலும் மாத்திரைக் கூட்டில் அடைத்துக் கொடுத்தால் தாங்குபவர்களில் சிலர், அதே அளவை அமிலக் கரைசலாகக் குடித்தால் இளைக்கிறார்கள்.

வீட்டில் செய்பவர்கள் 'ஒரு சிட்டிகை' போடுகிறார்கள். யாருடைய சிட்டிகை என்று கேட்க வேண்டும். நகைக்கடைத் தராசு வேண்டாம். சமையலறைக்கு வரும் சின்ன டிஜிட்டல் தராசு போதும். திராட்சை, நாவல் போன்ற அடர்நிறச் சாறுகளில் இதைப் போட்டால் நிறம் வெளுத்துவிடும் என்பதால் அவற்றுக்குச் சோடியம் பென்சோயேட் போடுவதே வழக்கம். உங்களுக்கு ஸ்குவாஷ் வேண்டும் என்றால் அந்தப் பக்கம் பாருங்கள்.

26 ஜனவரி

விடுமுறை நாள். காசிமேட்டில் கூட்டம் தோளை இடித்தது.

எறாவைப் பற்றி எழுதாமல் இந்த இழையை முடிக்க மனம் வராது. எறா செத்த பிறகு அதன் தலைப் பகுதியிலிருந்து கறுப்பு படரத் தொடங்கும். வாழைக்காயை நறுக்கி வைத்தால் கறுக்கிறதே, அதே வகை நொதியின் வேலை. கறுத்ததால் மட்டும் அது கெட்டுப்போனதாகாது. ஆனால் வாங்குபவர் கண்ணுக்கு அது பழசு. அதைத் தடுக்கவே சோடியம் மெட்டாபைசல்பைட் கரைசலில் முக்குகிறார்கள். 1.25 சதவீதக் கரைசலில் ஒரு நிமிடம் முக்கி எடுப்பது ஏற்றுமதித் தொழிலில் பலரும் அறிந்த அளவு. பச்சை எறாவின் சதையில் கிலோவுக்கு 100 மில்லிகிராம், வெந்ததில் 30 என்பது கோடெக்ஸ் வரம்பு. அளந்து முக்குகிற இடத்தில் பிரச்சினை குறைவு. நாள்கணக்கில் கடலில் தங்கும் விசைப்படகில் ஐஸ் மேல் பொடியை நேரடியாகக் கைநிறைய வீசும்போதுதான் எண்கள் ஏறும். எங்கள் கூடத்திலும் சில பெட்டிகள் வரம்பைத் தாண்டி நின்று திரும்பிப் போயிருக்கின்றன. தின்பவரைவிட முதலில் அடி வாங்குபவர், காற்றோட்டமில்லாத படகின் அறைக்குள் குனிந்து அந்தப் பொடியைக் கையாளும் தொழிலாளி. ஈர ஐஸில் பட்ட பொடி வாயுவை விடும். மூடிய இடத்தில் அது உயிரையே எடுக்கக்கூடியது.

வழக்கமாக நான் வாங்கும் அக்காவிடம் இன்று கேட்டேன். "தலை கறுத்தா வாணாம்னு போயிடுறாங்க அண்ணே, வெள்ளையா இருந்தா பேரம்கூடப் பேசாம அள்ளிக்கினு போறாங்க. நாங்க இன்னா பண்றது?" என்றார். கறுப்புத் தலை எறாவைக் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தார். மதியம் தொக்கு. நெஞ்சு ஒன்றும் சொல்லவில்லை.

2 பிப்ரவரி

பாக்கெட்டில் எதைப் பார்ப்பது என்ற கேள்வி மூன்று பேரிடமிருந்து வந்திருக்கிறது. சல்பைட் வகைச் சேர்மானங்களைக் குறிக்கும் 220 முதல் 228 வரையிலான எண்கள்தான். 225 இப்போது பெரும்பாலும் கண்ணில் படாது. கிலோவுக்கு 10 மில்லிகிராமும் அதற்கு மேலும் இருந்தால் ஒவ்வாமை அறிவிப்பில் சல்பைட் என்று அச்சிட வேண்டும் என்பது நம் நாட்டு விதி. அமெரிக்காவில் சாலட் கடைகளில் கீரைக்கும் காய்க்கும் சல்பைட் தெளித்து, இளைப்பு நோயாளிகள் இறந்த பின்பு, 1986-ல் பச்சையாக உண்ணும் காய்கனிகளில் தடை செய்தார்கள். அங்கேயும் அறிவிப்புக்கு இதே 10-தான்.

பிஸ்கட்டைத் திருப்பிப் பார்த்தவர்கள் 223 என்ற எண்ணைக் கண்டு மிரண்டிருப்பீர்கள். மாவை இளக்குவதற்காகச் சேர்ப்பது. அடுப்பின் சூட்டில் பெரும்பகுதி போய்விடும். எண்ணைப் பார்த்தவுடன் டீயில் தோய்க்கும் பிஸ்கட்டைக் கைவிட வேண்டியதில்லை. டூட்டி ப்ரூட்டி, உலர்ந்த தேங்காய்ப் பொடி, தோலுரித்து உறையவைத்த உருளைக்கிழங்கு, பதப்படுத்திய இஞ்சி ஆகியவற்றில் கண்ணை வைத்திருங்கள்.

ஆனால் இந்த ஊரில் பாதிச் சாமான் பாக்கெட்டில் வருவதில்லை. சாக்கிலிருந்து அள்ளி, பழைய பேப்பரில் மடித்துக் கொடுக்கிறார்கள். சாக்கின் மேல் எண் இருந்தாலும் அது கடையின் பின்பக்கம் கிடக்கிறது. அங்கே நிறம்தான் லேபிள். ஆறு மாதம் ஆகியும் பழுப்பாகாத, மங்காத, பொன்போல் நிற்கும் எந்த உலர்பழத்தையும் இளைப்புக்காரர் சந்தேகிக்கலாம்.

9 பிப்ரவரி

பெரம்பூரிலிருந்து ஓர் ஆங்கிலோ-இந்தியப் பெரியவர், தம் வீட்டில் கிறிஸ்துமஸுக்குப் போட்ட திராட்சை ஒயினில் எந்தப் பொடியும் சேர்க்கவில்லை, ஆகவே சல்பைட் அறவே இல்லை என்று உறுதி சொல்கிறார். ஐயா, ஈஸ்ட்டே நொதிக்கும்போது கொஞ்சம் சல்பைட்டை உண்டாக்கும். கடை ஒயினைவிடக் குறைவாக இருக்கும் என்பது வரை உங்களோடு ஒத்துப்போகிறேன். ஒரு பாட்டில் அனுப்பினால் அளந்து சொல்லலாம் என்று ஆசைதான். குடுவையை ஓய்வு பெறும்போதே ஒப்படைத்துவிட்டேன்.

22 பிப்ரவரி

கேள்வி கேட்ட தண்டையார்பேட்டை நண்பர் கருந்திராட்சைக்கு மாறிவிட்டதாகவும், பூண்டு ரசம் திரும்பிவிட்டதாகவும், இருந்தாலும் உறுதி செய்துகொள்ள வீட்டிலேயே கே.எம்.எஸ். கரைத்துக் குடித்துப் பார்க்கலாமா என்றும் கேட்கிறார். வேண்டவே வேண்டாம். அந்தச் சோதனையை மருத்துவமனையில், மூச்சின் வேகத்தை ஊதி அளந்து, மிகச் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டி, நெபுலைசரும் ஊசியும் பக்கத்தில் தயாராக இருக்கும்போது மட்டுமே செய்வார்கள். நெஞ்சு மருத்துவரிடம் கிஸ்மிஸ் சம்பவத்தை நேரம், அளவு, நிறத்தோடு சொன்னால் அவரே முடிவு செய்வார்.

இன்னொன்று. பல் பிடுங்கும் முன் போடும் மரப்பு ஊசியில் அட்ரினலின் கலந்திருந்தால், அது கெடாமலிருக்க மெட்டாபைசல்பைட் சேர்த்திருப்பார்கள். பல் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். அட்ரினலின் கலக்காத மரப்பு மருந்தும் உண்டு. ஆனால் ஒவ்வாமை முற்றி உயிருக்கு ஆபத்தான நிலையில் போடும் அட்ரினலின் ஊசியில் சல்பைட் இருக்கிறது என்று சொல்லி யாரும் அதை மறுக்கக் கூடாது. அந்த நேரத்தில் அதற்கு மாற்று இல்லை. அதில் இருக்கும் அளவும் மிகச் சிறிது. உங்கள் வீட்டாரிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.